கிளாரினெட்டில் மேல்ஸ்தாயி பிடிபட: நாக்கைக் கவனியுங்கள்

மயிலாடுதுறையில் நாகஸ்வரம் கேட்டே வளர்ந்ததாலோ என்னவோ, கிளாரினெட் எடுத்ததும் கீழ்ஸ்தாயி ஒரே வாரத்தில் வந்துவிட்டது. ஸ்தாயி மாற்றும் ரெஜிஸ்டர் கீயை அழுத்தி மேலே போனால்தான் தகராறு, ஒன்று சுருதி இறங்கும், இல்லையென்றால் கீச்சென்று கத்தும். ஆறு மாதம் உதட்டோடு மல்லுக்கட்டினேன். கோளாறு நாக்கில் இருந்தது.

ரீடு (ஊதும்போது அதிரும் நாணல் பட்டை) கட்டுவது, உதடு மடிப்பது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ரீடு 2 அல்லது 2.5 நம்பர் போதும், அதைவிடக் கெட்டியாக வாங்கினால் கடித்து ஊதத்தான் பழகுவீர்கள். கண்ணாடி முன்னால் நிற்பதைவிட போனில் சுருதி காட்டும் ஒரு ட்யூனர் ஆப் வைத்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

முதலில் கருவி இல்லாமல், சத்தம் போடாமல் ‘ஈ’ என்று வாயை வையுங்கள். நாக்கின் இரண்டு ஓரமும் மேல் கடைவாய்ப் பற்களில் உரசும், நடுவில் காற்று போக ஒரு குறுகலான வாய்க்கால் இருக்கும். மேல்ஸ்தாயிக்கு நாக்கு இருக்க வேண்டிய இடம் அதுதான். ‘தொண்டையைத் திற’ என்று சொல்லக் கேட்டு நான் கொட்டாவி விடுவதுபோல் ஊதிக்கொண்டிருந்தேன், அப்படிச் செய்தால் நாக்கு கீழே படுத்துவிடும்.

அப்புறம் மவுத்பீஸை மட்டும் கழற்றி ஊதுங்கள். ‘ஈ’ வைத்து, ட்யூனர் முள் அசையாமல் நிற்கும்வரை நீளமாக. இப்போது உதடும் தாடையும் அப்படியே இருக்க, நாக்கின் பின்பகுதியை மட்டும் மெதுவாக இறக்கினால் சுருதியும் கூடவே வழுக்கிக்கொண்டு இறங்கும். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். ஒரு வாரம் முழுக்க, முள் இறங்கியதெல்லாம் கீழுதடு தளர்ந்ததால்தான், நாக்கு அசையவே இல்லை. கடைசியில் கைகொடுத்தது சீழ்க்கை. உதட்டைக் குவித்து மேலிருந்து கீழே சீழ்க்கை அடித்துப் பாருங்கள், உதடு சும்மா இருக்கும், நாக்குதான் உள்ளே இறங்கும். மோவாயில் ஒரு விரலை வைத்துக்கொண்டு அதே அசைவை மவுத்பீஸில் செய்யுங்கள். விரல் நகர்ந்தால் அது கணக்கில் சேராது.

அது வந்தபிறகு முழுக் கருவியில். நாகஸ்வரம் விரிந்துகொண்டே போகும் குழல், அதே விரலில் அழுத்தி ஊதினால் ச மேல் ச ஆகும். கிளாரினெட் ஒரு பக்கம் மூடிய நேர்க்குழாய்போல நடந்துகொள்ளும், ரெஜிஸ்டர் கீயில் ச மேல்ஸ்தாயி ப-வுக்குத் தாவும். அந்த உயரத்தில் வாய்க்குள் இருக்கும் காற்றறையின் அதிர்வு குழாயின் அதிர்வோடு போட்டி போடுகிற அளவுக்கு வலுவாக இருப்பதால் நாக்கை வைத்தே சுரத்தை வளைக்கலாம். கீழ்ஸ்தாயியில் குழாயின் கை ஓங்கிவிடும், அங்கே சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்கு விரல்தான். கர்நாடக இசையைக் கிளாரினெட்டில் வாசித்துப் புகழ்பெற்ற ஏ.கே.சி. நடராஜனை இங்கே நினைத்துக்கொள்வேன்.

பின்சேர்க்கை: நாகஸ்வரம் பழகிய ஒருவர், நீளமாக ஊதினால் சரியாக நிற்கிறது, துத்துகாரம் (நாக்கால் ஒவ்வொரு சுரத்தையும் பிரித்து அடிப்பது) போட்டால் ஒவ்வொரு சுரமும் தொடக்கத்தில் தொய்கிறது என்று எழுதியிருந்தார். ‘து’ என்று அடிக்கும்போது ‘ஈ’ கலைந்துவிடுகிறது. ‘தீ’ என்று அடியுங்கள், நாக்கு நுனி மட்டும் ரீடைத் தொட்டு விலகட்டும், ஓரங்கள் கடைவாய்ப் பல்லை விடக்கூடாது. பத்து நாள் கழித்து, மெதுவாக வாசித்தால் சரியாக வருகிறது, வேகத்தில் இன்னும் நழுவுகிறது என்றார். இப்போதைக்கு வேகம் குறைத்தே சாதகம் செய்யச் சொல்லியிருக்கிறேன்.