கொழிஞ்சாம்பாறை பக்கம் கள் குடிக்க வருகிறீர்களா?

பொள்ளாச்சியிலிருந்து கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள எங்கள் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் வருபவர்கள் காலையிலேயே கள்ளு ஷாப்புக்குப் போய்விடுங்கள். இறக்கிய கள் நேரம் ஆக ஆகப் புளித்துக்கொண்டே போகும். காலையில் நல்ல இனிப்பு; சாயங்காலத்துக்குள் புளிப்பும் ஏறும், போதையும் ஏறும். கிளாஸில் ஊற்றியதும் பொடிப்பொடியாகக் குமிழி மேலே வரும், அது நொதிக்கிற அடையாளம். ஒரு வாய் குடித்து ருசி பிடித்தால் மட்டும் மேலே வாங்குங்கள்.

வெறும் வயிற்றில் வேண்டவே வேண்டாம். முதலில் கப்பக்கிழங்கும் (மரவள்ளிக்கிழங்கு) குடம்புளி போட்ட மீன்கறியும் சொல்லிவிடுங்கள். கறியின் காரத்துக்கு அந்த மாவுக்கிழங்கு அவ்வளவு பொருத்தம்!

அப்புறம், கேரளத்தில் 23 வயது நிரம்பியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை இருப்பதால் பாட்டிலை எல்லை தாண்டி எடுத்துப் போகாதீர்கள். திரும்பும்போது பஸ்தான், வண்டி ஓட்டாதீர்கள்.