பழைய கேஸ் மடக்குக் கத்தியை இணையத்தில் விற்பது எப்படி?

அமெரிக்காவில் கத்தி சேகரிப்பவர்கள் ஒரு தனி ரகம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். புத்தம்புதிய கத்தியைப் புரட்டிக்கூடப் பார்க்காதவர், நாற்பது ஆண்டு பழைய கத்தியின் அலகில் உள்ள ஒரு கீறலைப் பற்றி நான்கு கேள்வி கேட்பார். இவர்களிடம் விற்கும் வழி ஒன்றுதான்: அவர் கண்டுபிடிப்பதற்கு முன் குறையை நீங்களே சொல்லிவிடுவது. கீழே வரும் படிகள் எல்லாம் அதற்கான ஏற்பாடுகளே.

உதாரணத்துக்குப் பென்சில்வேனியா மாநிலம் பிராட்ஃபோர்டில் தயாராகும் கேஸ் (Case) என்ற கத்தி நிறுவனத்தின் ‘ட்ராப்பர்’ மடக்குக் கத்தியை எடுத்துக்கொள்கிறேன். மூடிய நிலையில் நாலே கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரே நீளத்தில் இரண்டு அலகுகள். ஒன்று கூர்முனை கொண்டது. மற்றது முனை மழுங்கியது, கால்நடைகளுக்குக் காயடிக்க உருவான வடிவம். பழைய மேசை இழுப்பறைகளிலும் வீட்டுச் சாமான் விற்பனைகளிலும் அடிக்கடி தட்டுப்படும் கத்தி இது. தொடங்குபவருக்கு ஏற்றதும்கூட, காரணம், அதன் வயது அதன் மேலேயே எழுதியிருக்கிறது.

1. கையில் இருப்பது என்ன?

கூர்முனை அலகைத் திறந்து, அது பிடிக்குள் நுழையும் அடிப்பகுதியைப் பாருங்கள். ஒரு பக்கம் நிறுவனத்தின் பெயர், மறுபக்கம் மாதிரி எண். இதைத்தான் முத்திரை என்கிறார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் நல்லது. ‘கேஸ் எக்ஸ்எக்ஸ்’ என்பதோடு யுஎஸ்ஏ என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் 1965 முதல் 1969 வரையிலான தயாரிப்பு. 1970-இல் அந்த எழுத்துகளுக்குக் கீழே பத்துப் புள்ளிகள் வைத்தார்கள். பிறகு ஆண்டுக்கு ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டே வந்தார்கள். ஏழு புள்ளிகள் என்றால் 1973, ஒரே புள்ளி என்றால் 1979. 1980-இல் மீண்டும் பத்திலிருந்து தொடங்கினார்கள். இந்த முறை எஸ் என்ற எழுத்தை மின்னல்போல் வெட்டி வரைந்தார்கள். எனவே புள்ளியை எண்ணுவதற்கு முன் எஸ் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். இல்லாவிட்டால் பத்தாண்டு தவறிவிடும்.

மாதிரி எண்ணும் கதை சொல்லும். 6254 என்பதில் முதல் இலக்கம் பிடியைக் குறிக்கும்: 6 என்றால் செதுக்கு வேலை செய்த எலும்பு அல்லது அதைப் போன்ற செயற்கைப் பொருள், 5 என்றால் மான்கொம்பு, 3 என்றால் மஞ்சள் நிறச் செயற்கைப் பொருள். இரண்டாம் இலக்கம் அலகுகளின் எண்ணிக்கை. மிச்சமுள்ள 54 கத்தியின் வடிவம். எண் 6 என்று தொடங்கி, பிடி மஞ்சள் நிறச் செயற்கைப் பொருளாக இருந்தால் யாரோ பிடியை மாற்றியிருக்கிறார்கள். அதை விளம்பரத்தில் எழுதியாக வேண்டும். எழுதாமல் விட்டால் வாங்குபவர் புகைப்படத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டார்.

இன்னொன்று: விசையை அழுத்தினால் தானாகத் திறக்கும் கத்தியாக இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது அல்ல. அமெரிக்காவில் 1958-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் மாநிலம் விட்டு மாநிலம் அவற்றை விற்பதைக் கட்டுப்படுத்துகிறது. அஞ்சலிலும் தடை உண்டு. நகத்தால் இழுத்துத் திறக்கும் ட்ராப்பருக்கு அந்தத் தொல்லை இல்லை.

2. துடையுங்கள், தேய்க்காதீர்கள்

புதியவர்கள் பணத்தை இழக்கும் இடம் இதுதான். பளபளவென்று இருந்தால் நல்ல விலை கிடைக்கும் என்று மெருகேற்றும் சக்கரத்தில் வைத்துவிடுவார்கள். தொழிற்சாலை விட்ட கோடுகளும், அச்சிட்ட எழுத்தின் ஓரங்களும் கரைந்து போகும். சேகரிப்பாளரின் கண்ணில் அது கெடுத்த கத்தி.

குரோம் வனேடியம் கலந்த கார்பன் எஃகு அலகு நாளாவட்டத்தில் சாம்பலும் நீலமுமாக நிறம் மாறும். அது துரு அல்ல. ஆப்பிள் நறுக்கியதால்கூட வரும் கறை, அப்படியே இருக்கட்டும். செம்பழுப்பாகப் பொடி உதிர்வதுதான் துரு. கனிம எண்ணெயை ஒரு சொட்டு விட்டு, சற்று ஊறவைத்து, மென்மையான துணியால் துடையுங்கள். வராதது வராமலே இருக்கட்டும், விளம்பரத்தில் குறிப்பிட்டுவிடலாம்.

பிடிக்குள் சேர்ந்திருக்கும் பஞ்சையும் அழுக்கையும் பல்குத்தும் குச்சியால் எடுங்கள். எலும்புப் பிடியைத் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது. மூட்டுகளுக்கும் கனிம எண்ணெய்தான். நம் வீட்டுப் பழக்கத்தில் தேங்காய் எண்ணெயை எடுத்துவிடாதீர்கள். கொஞ்ச நாளில் அது பிசுபிசுத்து அலகைத் திறக்கவிடாது. சாணையும் பிடிக்க வேண்டாம். தொழிற்சாலை வைத்த கூர் அப்படியே இருந்தால் அதற்கே தனி மதிப்பு உண்டு.

3. குறைகளைத் தேடுங்கள்

திறந்த அலகின் முதுகை இரு விரலால் பிடித்து, பக்கவாட்டில் மெதுவாக அசையுங்கள். பிறகு மேலும் கீழுமாக. ஆட்டம் இருக்கிறதா? மூடும்போது ‘டக்’ என்று கேட்கிறதா, சோம்பலாக விழுகிறதா? கத்தியின் முதுகில் நகத்தை ஓட்டினால், ஸ்பிரிங் பிடியோடு சமமாக இருக்கிறதா, திறந்தபோதும் மூடியபோதும்? ஆணிகளைச் சுற்றி எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கிறதா? இதை வெயிலில் பாருங்கள், விளக்கொளியில் தப்பிவிடும்.

அலகின் தேய்மானத்தைக் கணக்கிட, அதே மாதிரியின் பயன்படுத்தாத கத்திப் படத்தோடு ஒப்பிடுங்கள். நேஷனல் நைஃப் கலெக்டர்ஸ் அசோசியேஷன் வகுத்த தர வரிசை புழக்கத்தில் இருக்கிறது. அதன்படி ‘மிண்ட்’ என்றால் பயன்படுத்தாதது, சாணை பிடிக்காதது, சட்டைப்பையில்கூட வைக்காதது. ‘எக்ஸலன்ட்’ என்றால் அலகின் தேய்மானம் பத்து சதவீதத்துக்கு மேல் இல்லை. ‘வெரி குட்’ என்றால் இருபத்தைந்து வரை. ஐயமாக இருந்தால் ஒரு படி குறைத்தே சொல்லுங்கள். ‘எக்ஸலன்ட்’ என்று எதிர்பார்த்தவருக்கு ‘வெரி குட்’ கத்தி போய்ச் சேர்ந்தால் அது திரும்பி வரும். மாறாக நடந்தால் அவர் உங்களிடம் இன்னொரு கத்தி இருக்கிறதா என்று கேட்பார்.

4. புகைப்படம்

வடக்கு பார்த்த ஜன்னல், சாம்பல் நிறத் துணி, ஒரு கைபேசி. அவ்வளவு போதும். ஃப்ளாஷ் வேண்டாம், எஃகு அதை அப்படியே திருப்பி அடிக்கும். மூடிய நிலையில் இருபுறமும், திறந்த நிலையில் இருபுறமும், முதுகு, மேலிருந்து மூடிய அலகுகள், முத்திரை நெருக்கத்தில் இருபுறமும் எடுங்கள். குறை ஒவ்வொன்றுக்கும் தனிப் படம். ஒரு படத்திலாவது உங்கள் பயனர் பெயரும் தேதியும் கையால் எழுதிய சீட்டு பக்கத்தில் இருக்கட்டும். படத்தைத் திருடி இல்லாத கத்தியை விற்பவர்கள் இருப்பதால், பழகியவர்கள் இதைக் கேட்பார்கள்.

5. விலை

ஈபே என்ற இணையச் சந்தையில் தேடும்போது, விற்க வைத்திருப்பவற்றின் விலையைப் பார்க்காதீர்கள், அது ஆசை. விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டியைப் போடுங்கள். அதே எண், அதே பிடி, அதே ஆண்டு, ஏறக்குறைய அதே நிலை. மிக அதிகமாகப் போனதையும் மிகக் குறைவாகப் போனதையும் ஒதுக்கிவிட்டு நடுவில் நில்லுங்கள். சேகரிப்பாளர்களுக்குள் நேரடியாக விற்கும்போது ஈபேயின் கட்டணம் இல்லை என்பதால் சற்றுக் குறைத்தே கேட்பது வழக்கம். அஞ்சல் செலவையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லுங்கள். “உங்களுக்குத் தோன்றும் விலையைச் சொல்லுங்கள்” என்று எழுதுபவரை ஒருவரும் மதிப்பதில்லை.

6. விளம்பர வாசகம்

நான் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்: “கேஸ் 6254, ஏழு புள்ளி, 1973. எலும்புப் பிடி, விரிசல் இல்லை. கூர்முனை அலகில் சாணை பிடித்த தடம், தேய்மானம் ஏறக்குறைய பத்து சதவீதம். முனை மழுங்கிய அலகு பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. கூர்முனை அலகில் மிக லேசான பக்கவாட்டு ஆட்டம். முத்திரைக்கு அருகே ஒரு துருப்புள்ளி, எட்டாவது படத்தில் காண்க. பெட்டி இல்லை.” அதன் கீழே விலை, பணம் செலுத்தும் முறை, எத்தனை நாளுக்குள் அனுப்புவீர்கள், பிடிக்காவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பலாம். ‘அபூர்வம்’ என்ற சொல்லை விட்டுவிடுங்கள். அபூர்வமா இல்லையா என்பது அவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

7. பேரமும் பணமும்

நேரடியாக விற்கும்போது, “நான் எடுத்துக்கொள்கிறேன்” என்று முதலில் எழுதியவருக்கே கத்தி. பின்னால் ஒருவர் அதிகம் தருவதாகச் சொன்னாலும் மாறக் கூடாது. இந்த வட்டாரம் சிறியது, பேச்சுப் பரவிவிடும். பேபால் என்ற இணையப் பணச் சேவையில் நண்பர்களுக்கு அனுப்பும் வழியில் பணம் கேட்டால், வாங்குபவருக்குப் பாதுகாப்பு இல்லை. பொருள் வாங்கும் முறையில் கட்டணம் உண்டு, அதையும் விலையிலேயே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பணம் வந்த கணக்கில் உள்ள முகவரிக்கு மட்டுமே அனுப்புங்கள். “அத்தை வீட்டுக்கு அனுப்புங்கள்” என்று நடுவில் செய்தி வந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, புதிதாக அனுப்பச் சொல்லுங்கள். சொன்ன விலையைவிடக் கூடுதலாகக் காசோலை அனுப்பி மிச்சத்தைக் கேட்பவர் மோசடிக்காரர்.

8. பொதி

அலகுகளை மூடி, எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, மெழுகுத்தாளில் சுற்றுங்கள். தோல் உறையில் வைத்து அனுப்ப வேண்டாம். தோல் பதனிட்ட வேதிப்பொருள் பித்தளையைப் பச்சையாக்கும், எஃகைத் துருப்பிடிக்கவைக்கும். பிறகு அட்டையால் இறுக்கமாகக் கட்டி, குலுக்கினால் சத்தம் வராதபடி சிறு பெட்டியில் வையுங்கள். காற்றுக்குமிழி உறை மட்டும் போதாது. கனமான பொருள் அதைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

அமெரிக்க அஞ்சல் துறையின் ‘கிரவுண்ட் அட்வான்டேஜ்’ சேவையில் நூறு டாலர் வரை காப்பீடும் கண்காணிப்பு எண்ணும் சேர்ந்தே வருகின்றன. அதற்கு மேற்பட்ட கத்திக்குக் கூடுதல் காப்பீடு எடுங்கள், கையெழுத்துப் பெறும் வசதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் சில விற்பனைகளை அமெரிக்காவுக்குள்ளேயே வைத்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு நாட்டின் சுங்கத்துக்கும் கத்தி பற்றி ஒரு சட்டம் இருக்கிறது.

பெட்டியை ஒட்டுவதற்கு முன் உள்ளே இருக்கும் கத்தியை ஒரு படம் எடுத்து வையுங்கள். வாங்கியவர் விரிசல் இருக்கிறது என்று எழுதினால், வாக்குவாதத்துக்குப் போகாமல் அந்தப் படத்தையும் விளம்பரப் படங்களையும் ஒப்பிடுங்கள். உங்கள் படத்தில் விரிசல் இருந்து நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால், அஞ்சல் செலவோடு பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். படத்தில் இல்லை, வழியில் நேர்ந்தது என்றால், பெட்டியையும் பொதித்தாளையும் தூக்கி எறியாமல் வைத்திருக்கும்படி அவரிடம் சொல்லிவிட்டு, காப்பீட்டுக் கோரிக்கையை உடனே பதிவுசெய்யுங்கள்.