கவிதையில எல்ம் மரம் வந்தா எப்படி வாசிக்கிறது

எல்ம்னு (ஐரோப்பா, அமெரிக்கா பக்கம் வளர்ற உயரமான மரம், elm) கவிதைல வந்தா நிறைய பேரு ஏதோ ஒரு பெரிய மரம்னு தாண்டிப் போயிடுறாங்க, நானும் ரொம்ப நாள் அப்படித்தான் படிச்சேன், ஆனா அந்த மரத்துக்குன்னு ஒரு கதை இருக்கு, அது தெரிஞ்சா வரியோட அர்த்தமே மாறிடும்.

மொதல்ல பக்கத்துல திராட்சைக் கொடி இருக்கான்னு பாருங்க. ரோமானியர்கள் கொடிய எல்ம் மேல படர விட்டாங்க, அதனால அவங்க கவிதைல எல்ம்னா கொழுகொம்பு, கொடியும் எல்மும் சேர்ந்து வந்தா கல்யாணம். கட்டுல்லஸ், ஓவிட்னு ரோமக் கவிஞர்கள்ல இருந்து ஷேக்ஸ்பியர் வரைக்கும் இது ஓடுது. ஷேக்ஸ்பியரோட தி காமெடி ஆஃப் எரர்ஸ் நாடகத்துல ஒருத்தி புருஷன்னு நெனச்சு நீ எல்ம், நான் கொடின்னு சொல்றா, ஆனா எதிர்ல நிக்கிறது அவனோட இரட்டைச் சகோதரன்! தப்பான கொம்பப் பிடிச்ச கொடி. இது தெரியாம படிச்சா சாதாரண கொஞ்சல் மாதிரிதான் இருக்கும்.

கொடி இல்லயா, அப்போ சாவு பக்கம் பாருங்க. ரோமக் கவிஞர் வெர்ஜிலோட ஏனியட் காவியத்துல 6-வது புத்தகத்துல பாதாள வாசல்ல ஒரு பெரிய எல்ம் நிக்குது, ஒவ்வொரு இலைக்கு அடியிலயும் பொய்க் கனவுங்க ஒட்டிட்டு இருக்கும். கிரேக்கக் கவிஞர் ஹோமர்ல கல்லறையச் சுத்தி எல்ம் நடுறாங்க. இங்கிலாந்துல சவப்பெட்டிக்கே எல்ம் பலகைதான் நிறைய போச்சு.

அடுத்து கவிதை எழுதின வருஷம், எனக்கு இதான் ரொம்ப முக்கியம். 1960-கள் கடைசில பரவின டச்சு எல்ம் நோயால பிரிட்டன்ல மட்டும் 2 கோடிக்கு மேல மரம் செத்துச்சு. பட்டை வண்டு பரப்புற பூஞ்சை அது, பூஞ்சை உள்ள வந்ததும் மரம் அதத் தடுக்கப் பாத்து தன்னோட தண்ணிக் குழாய்ங்கள தானே அடைச்சுக்கும், அப்புறம் தண்ணி ஏறாம நடுக் கோடையிலயே இலை மஞ்சளாகி சுருண்டு போகும். அதனால அதுக்கப்புறம் எழுதின கவிதைல எல்ம் வந்தா, மரம் நிக்குதா இல்ல நின்ன இடம் மட்டும் இருக்கான்னு கவனிங்க. ஆனா அமெரிக்கக் கவிஞர் சில்வியா பிளாத்தோட எல்ம்ங்கிற கவிதை 1962-ல எழுதினது, அதுல மரமே பேசும், அந்தக் குரல்ல இந்த நோயத் தேடாதீங்க, அந்தப் பெரிய சாவு அப்போ இன்னும் வரல.

மொழிபெயர்க்கிறவங்க தயவுசெஞ்சு ஆலமரம்னு மாத்தாதீங்க. ஆல் விழுது விட்டு தன்னைத் தானே தாங்கிக்கும், எல்மோட அர்த்தமே இன்னொண்ண தாங்குறதுல இருக்கு. எல்ம்னே விடுங்க.

நீங்களே எழுதுறதா இருந்தா இலைய கையில எடுத்துப் பாத்துட்டு எழுதுங்க. காம்புகிட்ட ரெண்டு பக்கமும் சமமா இருக்காது, ஒரு பக்கம் கீழ இறங்கியிருக்கும், நிறைய எல்ம்ல மேல்பக்கம் தடவினா உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும். செத்த மரம் கெடச்சா பட்டைய உரிச்சுப் பாருங்க, தாய் வண்டு குடைஞ்ச ஒரு கோடு, அதுல இருந்து ரெண்டு பக்கமும் புழுங்க குடைஞ்சுட்டுப் போன சின்னச் சின்ன கோடுங்க, பாக்க பூரான் மாதிரியே இருக்கும்.