நேதாஜி படையின் ராட்டைக் கொடியைத் தைப்பது எப்படி?

சுதந்திர தின நாடகத்தில் நேதாஜி படை வேடம் கட்டும் பிள்ளைகள் அசோகச் சக்கரக் கொடியோடு மேடையேறினால் எனக்கு மனசு கேட்காது. அந்தச் சக்கரக் கொடியை அரசியல் நிர்ணய சபை ஏற்றதே 1947 ஜூலை 22 அன்றுதான். 1944இல் இம்பாலை நோக்கிப் போய் உயிர்விட்டவர்கள் அதைப் பார்த்ததே இல்லை. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பர்மாவிலும் அவர்கள் பிடித்தது காங்கிரஸ் 1931இல் ஏற்ற கொடி: மேலே காவி, நடுவில் வெள்ளை, கீழே பச்சை, வெள்ளையில் நீல ராட்டை. பாயும் புலிக் கொடி ஜெர்மனியில் திரண்ட இந்தியப் படையணியோடு சேர்ந்தது. சிங்கப்பூர்க் காட்சிக்கு அது வேண்டாம்.

எங்கள் அப்பத்தா மலாயா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அங்கிருந்துதான் நேதாஜி படையின் பெண்கள் பிரிவான கேப்டன் லட்சுமியின் ஜான்சிராணிப் படையில் சேர்ந்தார். நான் தையல் வேலை செய்கிறவள். முதல் ராட்டைக் கொடியை அவருக்காகத்தான் தைத்தேன்.

தைத்து முடித்தபின் 90க்கு 60 செ.மீ. வரவேண்டும். கதர்த் துணி எடுங்கள். வெட்டுமுன் காவியையும் பச்சையையும் தனித்தனியாகத் தண்ணீரில் ஊறவைத்து, சாயம் போவது நின்றபின் அலசிக் காயவையுங்கள். நான் ஒருமுறை அவசரத்தில் இதை விட்டுவிட்டேன். முதல் மழையிலேயே வெள்ளையில் காவி இறங்கி, கொடியே வீணாகிவிட்டது. வெள்ளையையும் நனைத்துவிடுங்கள், கதர் சுருங்கும்.

பிறகு 95க்கு 23 செ.மீ. அளவில் காவி ஒன்று, பச்சை ஒன்று, வெள்ளை இரண்டு வெட்டுங்கள். வெள்ளை ஏன் இரண்டு? கொடிக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது, இரண்டு புறமும் ராட்டை தெரிய வேண்டும். ஆளுக்கொரு ராட்டை போட்டு முதுகோடு முதுகாக வைத்தால் முடிச்சுகள் உள்ளே மறைந்துவிடும். பழைய படத்தைப் பார்த்து, 16 செ.மீ. உயரத்துக்குள் டிரேசிங் பேப்பரில் ராட்டையை வரையுங்கள். இரண்டாவது துணிக்குப் பேப்பரைப் புரட்டிப் போட்டுப் படியெடுக்க வேண்டும். இல்லையென்றால் வெயிலில் பிடிக்கும்போது இரண்டு சக்கரம் தெரியும். சக்கரத்தின் விளிம்பும் பலகையும் சங்கிலித் தையல், ஆரங்கள் காம்புத் தையல். நூலை இழுத்துப் பிடிக்காதீர்கள், துணி சுருங்கிவிடும். இந்த இடத்தில் இரண்டு நாள் போனாலும் பரவாயில்லை. பார்வை மங்கிய காலத்தில் அப்பத்தா அந்தத் தையலை விரலால் தடவித் தடவியே, "ராட்டதான்த்தா" என்றார்.

மற்றதெல்லாம் மிஷின் வேலை. மூன்று பட்டைகளையும் 1.5 செ.மீ. ஓரம் விட்டு இணையுங்கள். வெள்ளையின் ஓரத்தைப் பாதியாக நறுக்கி, காவி ஓரத்தின் நுனியை உள்ளே மடக்கி, அதன்மேல் மடித்துக் காவிப் பக்கமே சாய்த்து இன்னொரு தையல் போடுங்கள். பச்சைக்கும் அப்படியே. வெள்ளையில் நிழல் விழாது, பிசிறும் வராது. வெளி ஓரங்களை மடித்துத் தைத்துவிடுங்கள்.

அணிவகுப்பில் தூக்கிப்போகக் கயிறு சரிப்படாது. இடப்பக்கம் காடாத்துணியில் மூங்கில் நுழையும் அளவுக்குக் குழல் தைத்து, மேல்வாயை அடைத்துவிடுங்கள். பிள்ளைகள் எவ்வளவு வேகமாக ஓடினாலும் கொடி கம்பில் வழுக்கி இறங்காது.

நாடகம் முடிந்ததும் மடிக்க வேண்டாம், மடிப்பில் ராட்டை நூல் அறுந்துபோகும். பழைய வேட்டியோடு சேர்த்துச் சுருட்டி வையுங்கள்.