சிம்மக்கல் வீட்டு ஜன்னலை மாற்றியபோது

மதுரை சிம்மக்கல்லில் தாத்தா கட்டிய சுண்ணாம்புக் காரை வீடு எங்களுடையது. போன ஆவணியில் சாயங்கால மழைச் சாரலில் மேற்கு ஜன்னல் இரண்டும் ஊறி உப்பிவிட்டன, சாத்த முடியவில்லை. திருப்புளியால் குத்திப் பார்த்தேன். சட்டம் முழுக்க மாவு போல உதிர்ந்தது. கரையான்.

தெருப்பக்க ஜன்னலையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டு எல்லாமே யுபிவிசி, அதாவது கெட்டி பிளாஸ்டிக் ஜன்னல், போடச் சொன்னார் கடைக்காரர். தெருப்பக்க ஜன்னலைக் காட்டி ஆசாரி அண்ணன்தான் தடுத்தார். "தம்பி, இது பழைய தேக்கு. அடியில ஒரு சாண்தான் போயிருக்கு. இதை ஏன் தூக்கிப் போடுறீங்க?" கெட்டதை அறுத்தெடுத்துப் புதுத் தேக்கை ஒட்டுப்போட்டார். இழைக்கும்போது அந்தப் பழைய மரத்தில் இன்னும் எண்ணெய் வாசம் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மேற்கே மட்டும் யுபிவிசி. ஊறாது, கரையான் அரிக்காது. உள்ளே துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம் இருக்கிறதா என்று வெட்டிய துண்டை வாங்கிப் பாருங்கள். பெரிய ஜன்னலுக்கு அது இல்லாவிட்டால் வளைந்துவிடும். பக்கவாட்டில் நகர்கிற தள்ளு ஜன்னல் வேண்டவே வேண்டாம், பாதிதான் திறக்கும். சித்திரை வெக்கைக்கு முழுசாகத் திறக்கிற கதவுதான் சரி. அலுமினியம் உறுதிதான், ஆனால் சூட்டை உள்ளே கடத்தும்.

ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கைச் சிமெண்டால் பூச ஆரம்பித்தார்கள். நல்லவேளை, பார்த்துவிட்டேன். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட வேண்டும், சிமெண்ட் அதை அடைத்துவிடும். நிறுத்தி, சுண்ணாம்புக் காரையே பூசச் சொன்னேன். இந்த வருஷ மழைக்குச் சுவரில் ஒரு திட்டு ஈரம்கூட இல்லை.