வேண்டாத பாராமீட்டரை நீக்க ஒரு ஷார்ட்கட்

ஃபங்ஷனில் பயன்படாமல் கிடக்கும் பாராமீட்டரை, அதாவது அழைக்கும்போது அனுப்பும் மதிப்பை வாங்கிக்கொள்ளும் மாறியை, கையால் அழிக்காதீர்கள். அந்த ஃபங்ஷனை அழைக்கும் இடங்களில் வரும் தவறை கம்பைலர் காட்டிக்கொடுக்கும்தான், ஆனால் எப்போதும் இல்லை. ஒரே டைப்பில் இரண்டு பாராமீட்டர் இருந்து, இரண்டாவதற்கு டீஃபால்ட் மதிப்பும் இருக்கிறது என்று வையுங்கள். முதலாவதை அழித்தால், ஒரே மதிப்பை அனுப்பும் பழைய அழைப்புகள் எரரே இல்லாமல் அதை இரண்டாவதற்குக் கொடுத்துவிடும். இந்த பக்கைக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

கோட் எழுதும் மென்பொருளிலேயே இதற்கு ஒரு கருவி இருக்கிறது. கர்சரை ஃபங்ஷன் பெயரில் வைத்து, இன்டெல்லிஜேயில் கன்ட்ரோல்+எஃப்6 (மேக்கில் கமாண்ட்+எஃப்6), எக்லிப்ஸில் ஆல்ட்+ஷிஃப்ட்+சி அழுத்துங்கள். விஷுவல் ஸ்டுடியோவில் சி ஷார்ப் எழுதுபவர்களுக்கு கன்ட்ரோல்+ஆர், அப்புறம் கன்ட்ரோல்+வி. வரும் பட்டியலில் வேண்டாததை நீக்கினால், அழைக்கும் இடங்களும் ஓவர்ரைடு செய்த (சப்-கிளாஸில் மாற்றி எழுதிய) மெத்தடுகளும் சேர்ந்தே திருந்தும்.

ஓகே கொடுக்கும் முன் ப்ரிவியூவைப் பாருங்கள், இதைத் தவிர்க்கவே கூடாது. நீக்கப்படும் இடத்தில் வெறும் மாறி இருந்தால் கவலையில்லை. அங்கே 'அடுத்த_எண்()' போல ஒரு ஃபங்ஷன் அழைப்பு இருந்தால், பாராமீட்டரோடு அந்த அழைப்பும் காணாமல் போகலாம். கவுன்ட்டரைக் கூட்டுவது, லாக் எழுதுவது போன்ற வேலை அதற்குள் நடந்தால், அழைப்பை முதலில் தனி வரிக்கு மாற்றிவிடுங்கள்.

ரிஃப்ளெக்ஷன் (ப்ரோக்ராம் ஓடும்போதே மெத்தடைத் தேடி அழைக்கும் வசதி) வழியாகப் பெயரை ஸ்ட்ரிங்காகக் கொடுத்து அழைக்கும் இடங்கள் இந்தக் கருவியின் கண்ணில் படாமல் போகலாம். அவற்றுக்குப் பெயரைப் போட்டு ஒரு டெக்ஸ்ட் சர்ச் செய்வதுதான் வழி.