முஸ்தலெவ்ரியா: சாம்பலை மட்டும் விட்டுவிடாதீர்கள்

செப்டம்பரில் கிரேக்கத்தில் திராட்சை அறுவடை தொடங்கியதும், ஒயினுக்குப் பிழிந்த சாற்றில் கொஞ்சம் எடுத்து வீடுகளில் முஸ்தலெவ்ரியா என்ற இனிப்புக் களி கிண்டுவார்கள். சாறும் மாவும்தான். மேலே வால்நட், எள், பட்டைத்தூள். புதிதாகக் கிண்டுகிறவர்கள், ஆரம்பத்தில் நான் செய்த தவறுகளையே வரிசையாகச் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். அடிப்பிடிப்பது, கட்டி தட்டுவதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சாம்பல் போடாமல் காய்ச்சுவது

"சாறே இவ்வளவு இனிக்குதே, சாம்பல் எதுக்கு?" என்று கேட்காத ஆளில்லை. பச்சைச் சாறு இனிக்கத்தான் செய்யும். சுண்டச் சுண்ட இனிப்போடு டார்டாரிக் அமிலமும் செறிந்து, பல் கூசுகிற புளிப்பு வந்துவிடும். போன அறுவடையில் ஏதென்ஸில் ஒரு தோழி ஒரு பானைச் சாற்றை இப்படிக் காய்ச்சிவிட்டு, புளிப்பை அடக்கச் சர்க்கரையை அள்ளிக் கொட்டினாள். புளிப்பு அப்படியே இருந்தது, திராட்சை மணம்தான் போயிற்று. அவ்வளவு நல்ல சாறு! இன்னும் ஆறவில்லை எனக்கு.

சலித்த விறகுச் சாம்பல், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். துணியில் முடிந்து சாற்றில் போட்டுக் கொதிக்கவிடுங்கள். சாம்பலிலுள்ள கால்சியம் கார்பனேட் அமிலத்தோடு சேர்ந்து புளிப்பை முறிக்கும்போது நுரை பொங்கும். அதனால் பெரிய பாத்திரமாக எடுங்கள். நுரையை வழித்து, இறக்கி, இரவு முழுக்க ஆடாமல் அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் மண்டி தங்கியிருக்கும். தெளிவை மட்டும் மெல்லச் சாய்த்து வடிகட்டுங்கள். கடைசிச் சொட்டுக்கு ஆசைப்பட்டால் வாயில் நறநறக்கும்.

சில ஊர்களிலும் சைப்ரஸிலும் சாம்பலுக்குப் பதில் சுண்ணாம்புச் சத்துள்ள வெள்ளை மண்ணைப் போடுவார்கள். வேலை ஒன்றுதான். எதையும் அளவுக்கு மீறிப் போட்டால் சோப்பு வாடை அடிக்கும்.

கண்ட சாம்பல்

திராட்சைக்கொடி, ஆலிவ் விறகு என்றால் சரி. பெயின்ட் அடித்த மரத்தின் சாம்பலைத் தொடாதீர்கள்.

அலுமினியப் பாத்திரம்

வேண்டவே வேண்டாம்.

நேற்றைய சாறு

பிழிந்த அன்றே காய்ச்சுங்கள். வைத்தால் நொதிக்கத் தொடங்கிவிடும்.

பயந்து மாவைக் கூட்டுவது

எட்டுக் கப் சாற்றுக்கு ஒரு கப் மாவு என்பது வழக்கமான கணக்கு. ஆறிய சாற்றில் கரைத்து, பச்சை வாடை போய்க் கொப்புளம் வெடிக்கும்வரை கிண்டுங்கள். தட்டில் ஊற்றும்போது தளர்வாகத்தான் இருக்கும். அப்புறம் ஆற ஆறத் தானே இறுகும். அதற்குள் இன்னொரு பிடி மாவைத் தூவினால் ரப்பராகிவிடும்.